நீ ஒட்டிய தரை

அண்ணா,

முட்டிக்குச் சுற்றுகிற பட்டையைத் தேடி அலமாரியின் அடித்தட்டைக் கலைத்தபோது உன் சிரிஞ்சு கையில் அகப்பட்டது. ஐம்பது மில்லி சிரிஞ்சு. என்னிடம் கேட்டு வாங்கி, மருந்துக்குப் பதிலாக நீ பசை ஏற்றியது. முனையில் பழுப்பு நிறத்தில் பசை காய்ந்து கல்லாகிக் கிடக்கிறது. முகர்ந்து பார்த்தேன். இருபது வருஷம் ஷூ கம்பெனியிலிருந்து சட்டையோடு நீ வீட்டுக்குக் கொண்டுவந்த வாசனை ஏறக்குறைய அப்படியே இருந்தது. செத்துப்போன அண்ணனின் பொருளைப் பார்த்தால் தங்கைக்குக் கண் கலங்க வேண்டும். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

வராமல் என்ன செய்யும்? நீ ஒட்டிய தரை இந்த மழைக்கும் எழும்பிவிட்டது. போன மழைக்கும் எழும்பியது, அதற்கு முந்தின மழைக்கும் எழும்பியது. அப்போதெல்லாம் திட்டுவதற்கு நீ இருந்தாய். போன் போட்டு, "அண்ணா, உன் தரை மறுபடியும் காது தூக்கிடுச்சு" என்றால், "வர்றேன் எஸ்தரு, ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்பாய். மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் அப்படியே போய்விட்டாய். இப்போது கார்த்திகை. நான் யாருக்குப் போன் போடுவது?

அதனால் எழுதுகிறேன். பாதிக் கதை உனக்குத் தெரியும், மீதி நீ போன பிறகு நடந்தது. வரிசையாகவே சொல்கிறேன். நீ குறுக்கே பேச முடியாது என்பது ஒன்றுதான் இதில் எனக்கு வசதி.

வேலூரில் நான் பிசியோதெரபி வேலையில் இருந்தபோது என் கையைப் பிடித்து நடந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் சரிந்து விழுந்தாரே, நினைவிருக்கிறதா? இடுப்பெலும்பு போயிற்று. என் மேல் தப்பில்லை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. வேலையை விட்டுவிட்டு மூன்று வருஷம் வீட்டில் கிடந்தேன். அந்த மூன்று வருஷமும் என்னை எழுப்பி உட்காரவைக்கப் படாத பாடு பட்டது நீதான். கடைசியில் ஒரு நாள் வந்து, நான் சொந்தமாகப் பிசியோதெரபி நிலையம் வைக்க "எடம் பாத்துட்டேன்" என்றாய். ஆம்பூரில் ரயில்வே கேட்டைத் தாண்டி, பச்சைத் தோல் அடுக்கிவைத்திருந்த பழைய மண்டி. மண்டிக்கார பாய் தொழிலைப் பேரணாம்பட்டுக்கு மாற்றிக்கொண்டு போய் நாலு வருஷமாகிக் காலியாகக் கிடந்தது.

"இன்னா எஸ்தரு மூஞ்சிய சுளிக்கிற? ஹாலு எவ்ளோ பெருசு பாரு. படி ஒண்ணுகூட கெடையாது. வாக்கர் வச்சுக்கினு நேரா உள்ள வந்துடலாம். இதவிட இன்னா வேணும் உனுக்கு?"

நாற்றம் மட்டும் வேண்டாம் என்றேன். தோல் மண்டி வாசனை நம் ஊரில் யாருக்கும் புதிதில்லைதான். ஆனாலும் அறுவைச் சிகிச்சை முடிந்து வலியோடு வருகிறவர்களை அந்த வாசனையில் நிற்கவைக்க எனக்கு மனமில்லை. சுத்தம் செய்து தருவதாகச் சொன்னாய். அதன் பிறகு தரைக்கு என்ன போடுவது என்று ஒரு வாரம் அடித்துக்கொண்டோம். டைல்ஸ் வழுக்கும் என்றேன். வினைல் விரிப்பு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும் என்றாய். நீ கம்பெனியை விட்ட பிறகு வேலூர்க் கடை ஒன்றுக்காக ஐந்து வருஷம் வீடு வீடாக மூங்கில் பலகை ஒட்டிக்கொண்டிருந்தாய். "மூங்கில்தான். தேக்கவிட கெட்டி. வெறுங்கால்ல நின்னா இதமா இருக்கும். கான்கிரீட்டு மேலயே ஒட்டிடலாம்" என்றாய். கையில் ஒரு துண்டுப் பலகையும் கொண்டுவந்திருந்தாய். நான் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் ஏறி நின்றேன். இதமாகத்தான் இருந்தது. அதில் ஏமாந்தவள் நான்.

ஒட்டின அழகை நான் குறை சொல்ல மாட்டேன். பெட்டிகளைப் பிரித்துப் பலகையைப் பத்து நாள் ஹாலிலேயே பரப்பிப் போட்டாய். இடத்துக் காற்று அதற்குப் பழக வேண்டுமாம். பல் வெட்டிய கொத்துக்கரண்டியால் பசையை வரிவரியாக இழுத்தாய். சுவர் ஓரமெல்லாம் விரல் அகலம் இடைவெளி விட்டாய். கரப்பான் குடியேறப்போகிறது என்று கத்தினேன். "மூங்கில் மூச்சு வுடணும்டி" என்று சொல்லி ஸ்கர்டிங் என்கிற சுவரடிப் பட்டியால் மூடினாய். உனக்கு மீட்டர், மிஷின் எதிலும் நம்பிக்கை கிடையாது. ஷூ கம்பெனியில் ஸோல் ஒட்டுகிற செக்ஷனில் கற்றுக்கொண்ட சோதனை ஒன்றுதான். பசையை விரலின் பின்பக்கத்தால் தொடுவாய். "தொட்டா புடிக்கணும், கூட வரக்கூடாது. அப்பதான் வைக்கணும்" என்பாய். ஒவ்வொரு பலகைக்கும் அப்படித் தொட்டுத் தொட்டு வைத்தாய். ஆவணியில் பாஸ்டர் வந்து ஜெபம் செய்து திறந்துவைத்தார். வந்தவர்களெல்லாம் என்னை விட்டுவிட்டுத் தரையைத்தான் புகழ்ந்தார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. பத்தே நாளில் நடு ஹாலில் பலகைகளின் ஓரம் மேலே வந்து நடுப்பகுதி குழிந்துபோனது. காலால் தடவினால் வரப்பு வரப்பாகத் தெரிந்தது. சில இடங்களில் தட்டினால் டொக்கென்று வெற்றுச் சத்தம். நீ குப்புறப் படுத்துத் தரையில் காதை வைத்துத் தட்டிப் பார்த்தாய். பிறகு துடைக்கிற செல்வியின் மேல் பழி போட்டாய். வாளித் தண்ணீரைக் கொட்டித் துடைக்கிறாளாம். அவள் அழுதுவிட்டாள். அன்றிலிருந்து பிழிந்த துணிதான். பலகை அசைந்துகொடுக்கவில்லை. அடுத்த வாரம், தண்ணீர்க் குழாய் உடைந்திருக்கும் என்றாய். வெளிச்சுவரை ஒட்டி முழங்கால் ஆழம் தோண்டினாய். மண் காய்ந்து கிடந்தது. ஏசியைப் போட்டுப் பார்க்கச் சொன்னாய், நிறுத்திப் பார்க்கச் சொன்னாய். கடைசியில் என்னிடம் சிரிஞ்சு கேட்டாய்.

அப்புறம் மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாமே அதற்குத்தான். ஆராதனை முடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிடுவாய். டொக்கென்று கேட்கிற இடத்தில் சின்னத் துளை போட்டு, சிரிஞ்சால் பசையை உள்ளே ஏற்றி, மேலே மணல் மூட்டையை வைப்பாய். மூட்டை போதாவிட்டால் என் டம்பெல்ஸ், அதுவும் போதாவிட்டால் நீயே ஏறி உட்கார்ந்துகொள்வாய். இரண்டு வாரம் தாங்கும், பக்கத்துப் பலகை எழும்பும். அதைப் பிடித்தால் இது. சித்திரை வெயிலில் எல்லாம் தானாகப் படிந்துவிட்டது. "பாத்தியா, செட்டாயிடுச்சு" என்று சிரித்தாய். நானும் நம்பித் தொலைத்தேன். அடுத்த ஐப்பசியில் முதலிலிருந்து தொடங்கியது.

எனக்குப் பொறுமை கம்மி. அதை நீ சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போன கார்த்திகையில் நாலு பேஷண்ட் நடுவில் வைத்து நான் சொன்னதை இப்போது எழுதக் கை கூசுகிறது. எழுதத்தான் வேண்டும். "செருப்பு ஒட்டுன கை தரை ஒட்டுனா இப்படித்தான் இருக்கும்" என்றேன். நம் ஊரில் அந்த வார்த்தையை யார் யாரைப் பார்த்து எந்தத் தொனியில் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தேதான் சொன்னேன். நீ சிரிஞ்சைக் கீழே வைக்காமல் தலையைத் தூக்கி, "ரெண்டும் ஒண்ணுதான் எஸ்தரு. ரெண்டும் காலுக்குத்தான" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். காது மட்டும் சிவந்திருந்தது.

மாசியில் நீ போய்விட்டாய். தரையைப் பார்க்க ஆளில்லை. நான் மழைக்குப் பயந்துகொண்டே ஆடி, ஆவணி எல்லாம் எண்ணினேன்.

இந்த மழைக்கு நடு ஹாலில் ஒரு பலகையின் முனை ரூபாய்க் காசின் உயரத்துக்கு எழும்பியது. அதில்தான் மாதனூரிலிருந்து வருகிற ஒரு அம்மாவின் வாக்கர் மாட்டிக்கொண்டது. அந்த அம்மாவுக்கு இரண்டு முட்டியும் மாற்றி வைத்தது. என்னிடம் வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. முன்னால் விழுந்தவரை நான் தோளால் தாங்கிப் பிடித்துவிட்டேன். அடி படவில்லை. ஆனால் வேலூரில் அந்தப் பெரியவர் சரிந்த நிமிஷம் அப்படியே திரும்பி வந்தது. அவரை நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு முட்டியையும் மூன்று தடவை தடவிப் பார்த்தேன். அந்த அம்மா என்னைவிட மோசம். நாற்காலியை விட்டு எழ மாட்டேன் என்றுவிட்டார்.

"நான் ஊட்டாண்டயே கெடக்கறேம்மா. நடக்காட்டி போவுது. இன்னொரு தபா வுழுந்தா யாரு பாக்கறது?"

"தரை சரியில்லம்மா. எங்க அண்ணன் போட்டது. அரைகுறையா ஒட்டிவச்சிருக்கான்" என்றேன். நீ இல்லை என்பதைச் சொல்லவில்லை. உன்னைத் திட்டும்போது நீ இருப்பதுபோலத்தான் எனக்குத் திட்ட வருகிறது.

அந்த அம்மா மறுநாளிலிருந்து வரவில்லை. மாற்றி வைத்த முட்டியை நடக்காமல் விட்டால் விறைத்துப்போகும், அப்புறம் செய்த ஆபரேஷன் வீண். இதற்கு மேல் பொறுக்க முடியாது என்று ஹாலைப் பூட்டினேன். எங்கே தப்பு நடந்தது என்று கண்டுபிடித்தே தீர்வது, கண்டுபிடித்து அதை உன் தலையில் கட்டுவது, இதுதான் என் திட்டம். ஒளிப்பானேன்? உன் பசையில் குற்றம் என்று ஒருவன் சொல்லிக் கேட்டால் என் ஆத்திரம் அடங்கும் என்று நினைத்தேன்.

வேலூரிலிருந்து தினகரன் என்று ஒருவரை வரவழைத்தேன். தரை வேலையில் பெயரெடுத்தவர். அதிகம் பேசாத ஆள். முதலில் ஸ்கர்டிங்கைக் கழற்றி உன் விரல் அகல இடைவெளியைப் பார்த்தார். பிறகு எழும்பிய பலகையை உளியால் நெம்பி எடுத்து அடியில் பார்த்தார். சுவரோரத்திலும் ஒன்றை எடுத்துப் பார்த்தார். அது வரவே மாட்டேன் என்றது. பிளந்துதான் வந்தது.

"யாருங்க போட்டது இத?" என்றார்.

"எங்க அண்ணன்தான்" என்றேன், இதோ ஆரம்பிக்கப்போகிறார் என்று.

"வேல தெரிஞ்சவருங்க. பசைக் கோடு பாருங்க, ஸ்கேல் வச்சு இழுத்த மாதிரி. ஓரத்துல எப்படிப் பிடிச்சிருக்கு பாத்தீங்களா? பசை மேலயும் தப்பில்ல, போட்டவர் மேலயும் தப்பில்ல. கீழ இருந்து ஏதோ வருது."

நான் கூப்பிட்டுவந்த சாட்சி உன் பக்கம் சாய்ந்துவிட்டார். எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. கீழிருந்து என்ன வரும், தோண்டிப் பார்த்தாயிற்று, குழாய் உடையவில்லை என்றேன். அவர் ஈரம் பார்க்கும் மீட்டரைத் தரையெங்கும் வைத்துக்கொண்டே போனார். அது கத்துகிற இடத்திலெல்லாம் சாக்பீஸால் புள்ளி வைத்தார். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அவருக்கே குழப்பம். சுவரோரம் நாலு பக்கமும் காய்ந்து கிடக்கிறது. புள்ளிகளைச் சேர்த்தால் ஹாலின் நடுவில் நீளமாக ஒரு கட்டம் வருகிறது. "குழாய் ஒடஞ்சா இப்படி கட்டமா ஈரம் வராதுங்களே" என்றார்.

கட்டத்துக்குள் இருந்த பலகைகளை எடுக்கச் சொன்னேன். ஒவ்வொன்றும் கையோடு வந்தது. அடியில் உன் பசை நொறுங்கிப் புட்டுமாவாகியிருந்தது. கான்கிரீட்டின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. கூடவே ஒரு வாசனை எழும்பியது. ஆம்பூரில் பிறந்த மூக்குக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பச்சைத் தோலை விரித்து உப்பு, அதன் மேல் தோல், மறுபடி உப்பு என்று இடுப்பு உயரத்துக்கு அடுக்குவார்களே, அந்த அடுக்கு இருந்த இடம்தான் அந்தக் கட்டம். எத்தனை வருஷத்து உப்போ.

தினகரனுக்கு அப்போதுதான் விளங்கியது. "அப்ப சரி. உப்பு ஈரத்த இழுக்கும். மழைக்காலத்துல உப்பு ஜாடி தண்ணி விட்டுக்குதில்ல, அந்தக் கதைதான். கீழ இருந்தும் இழுக்கும், காத்துல இருந்தும் இழுக்கும். பசைய அரிச்சுடும். மூங்கில் அடியில ஈரம் குடிச்சு ஓரம் தூக்கும். வெயில் வந்தா காஞ்சு படியும்" என்றவர், உளியால் கான்கிரீட்டைக் கொத்தி உள்ளே பார்த்தார். உள்ளேயும் வெள்ளை. "இவ்ளோ ஆழம் எப்படிங்க எறங்குச்சு? சும்மா மேல கெடந்திருந்தா சொரண்டி வாரிப் போட்டிருக்கலாம். யாராச்சும் தண்ணி ஊத்திக் கழுவுனாங்களா?"



ஆடி மாதம், அண்ணா. நீ சுரண்டியும் இரும்பு பிரஷும் வைத்துக்கொண்டு தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாய். மூட்டை மூட்டையாக வெள்ளைத் தூள் வெளியே போனது. அப்போதும் நாற்றம் போகவில்லை. நான் தண்ணீர் லாரியைக் கூப்பிட்டேன். நீ வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றாய். "வாணாம் எஸ்தரு. உப்பு மேல தண்ணி ஊத்தாத. உள்ள எறங்கிடும். சொரண்டி எடுத்துடறேன், பத்து நாளு குடு" என்றாய். அழைப்பிதழ் அச்சடித்தாயிற்று, பாஸ்டரிடம் தேதி சொல்லியாயிற்று என்றேன். "தேதி கெடக்குது. தை வரைக்கும் வுடு, மழ முடிஞ்சு வெயில் வரட்டும், காஞ்சதும் போட்டுக்கலாம்" என்றாய். "நீ ஒட்டுற வேலய மட்டும் பாரு. சுத்தம்னா இன்னான்னு எனக்குத் தெரியும்" என்று உன்னைத் தள்ளிவிட்டு ஹோஸ் பைப்பை நானே பிடித்தேன். பினாயில், பிளீச்சிங் பவுடர், தண்ணீர். ஒரு நாள் இல்லை, ஏழு நாள். நாற்றம் போயிற்று. ஆவணிக்குள் ஒட்டித் தரச் சொல்லி உன் கழுத்தில் உட்கார்ந்தேன்.

தண்ணீர் விட்டால் சுத்தம் என்று நினைத்துவிட்டேன். தோல் ஊரில் பிறந்தவள், உப்பு என்ன செய்யும் என்று தெரிய வேண்டியவள். அதைத் தெரிந்த நீ சொன்னபோதும் கேட்கவில்லை. அதற்கப்புறம் இரண்டு மழைக்காலமும் உன்னைப் பார்த்துக் கத்தினேன். லாரித் தண்ணீர் ஒரு தடவைகூட என் நினைவுக்கு வரவில்லை. எனக்கே இப்போது நம்ப முடியவில்லை. நிஜமாகவே வரவில்லையா, நான்தான் வரவிடவில்லையா?

தினகரன் போனதும் ரூபி அண்ணியிடம் ஓடினேன். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. அண்ணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். உப்பு, கழுவினது, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினேன். அண்ணி கையை நிறுத்தவில்லை.

"அவருக்குத் தெரியும்" என்றார்.

"இன்னா தெரியும்?"

"எல்லாந்தான். மொத மழைக்கே தெரியும். ஒரு பலகைய தூக்கிப் பாத்துட்டு வந்தாரு. அன்னிக்கு சோறுகூட சரியா துன்னல."

"அப்புறம் குழாயத் தோண்டுனது?"

"அது நீ பாக்கறதுக்கு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

அண்ணி கீரையைத் தள்ளி வைத்தார். "நானும் கேட்டேன். 'அவ மேல தப்புன்னு தெரிஞ்சா மறுபடியும் கதவ சாத்திக்கினு படுத்துடுவா. எம்மேல தப்புன்னு இருந்தா திட்டிக்கினே நடத்திடுவா. திட்டட்டும், நான் ஒட்டிக்கினே இருந்துட்டுப் போறேன்'னாரு. எங்கிட்டயும் சத்தியம் வாங்கிக்கினாரு. நீயே கண்டுபுடிச்சிட்ட, அதனால சொல்றேன்."

இதைக் கேட்டு நான் உருகிப்போயிருப்பேன் என்று நினைக்காதே. எனக்கு உன் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. உன்னை யார் அப்படிச் செய்யச் சொன்னது? அந்தத் தரையின் மேல் முட்டி மாற்றினவர்களும் பக்கவாதம் வந்தவர்களும் நடந்தார்கள். யாராவது விழுந்திருந்தால்? ஞாயிற்றுக்கிழமைதோறும் நீ வெறுங்காலோடு ஒவ்வொரு பலகையாக மிதித்துப் பார்த்தது அந்தப் பயத்தில்தான் என்று இப்போது புரிகிறது. அது போதுமா? நீ இருந்தவரைக்கும் மிதித்துப் பார்த்தாய். நீ போனால் யார் பார்ப்பார்கள் என்று ஒரு தடவை யோசித்தாயா? அன்பு என்று சொல்லி என்னைக் குருடியாக வைத்திருந்தாய். நான் செய்தது பெரிய தப்பு. நீ செய்ததும் தப்புதான், அண்ணா. இறந்துவிட்டாய் என்பதற்காக அதை நான் தள்ளுபடி செய்ய மாட்டேன்.

ஒரே ஒரு தடவை நீ திருப்பிக் கத்தியிருக்கலாம். செருப்பு ஒட்டின கை என்று நான் சொன்ன அன்றைக்காவது சிரிஞ்சை வீசிவிட்டு, "தண்ணி ஊத்துனது யாருடி?" என்று கேட்டிருக்கலாம். நான் அழுதிருப்பேன், உன்னோடு பேசாமல் இருந்திருப்பேன், பத்து நாள் படுத்திருப்பேன். அப்புறம் எழுந்திருப்பேனா மாட்டேனா என்பது எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. நீ முடிவு செய்துவிட்டாய்.

ஹாலில் இப்போது பலகையே இல்லை. எல்லாவற்றையும் கழற்றிப் பின்புறம் தகரக் கொட்டகையில் அடுக்கிவிட்டோம். சுவரோரத்துப் பலகைகளை எடுக்கத்தான் தினகரனின் ஆட்கள் திண்டாடிவிட்டார்கள். உப்பு இறங்கிய கான்கிரீட்டைக் கட்டம் முழுக்க உடைத்து எடுத்து, புதிதாகப் போட்டு, காயவிட்டு, ஈரம் ஏறாமல் ஒரு பூச்சுப் பூசி, அதன் மேல்தான் ஒட்ட வேண்டுமாம். அதற்கு முன் பிளாஸ்டிக் தாளைத் தரையில் ஒட்டிவைத்து அடியில் வியர்க்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். சித்திரைக்கு முன்னால் பலகையை வெளியே எடுக்கவே கூடாது என்றார். சரி என்றேன். என்னைத் தெரிந்தவர்கள் யாரும் நம்பமாட்டார்கள், தேதி கேட்காமல் சரி என்றேன்.

வேலையை நிறுத்தவில்லை. சபைக்குப் பக்கத்துக் கூடத்தைக் காலையில் மூன்று மணி நேரம் தருகிறார்கள். மீதி நேரம் ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போகிறேன். தப்பு என் மேல்தான் என்று தெரிந்து மூன்று வாரமாகிறது, கதவைச் சாத்திக்கொண்டு படுக்கவில்லை. நீ என்னைத் தப்பாக எடைபோட்டுவிட்டாய். இல்லாவிட்டால் அன்றைக்குச் சரியாகத்தான் எடைபோட்டிருக்கிறாய், நீ வாங்கிக் கொடுத்த இரண்டு வருஷத்தில்தான் நான் மாறியிருக்கிறேன். இரண்டில் எது என்று உன்னிடம் கேட்காமல் எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. இதைத்தான் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. யார் யாரிடம் உன் கையைப் பழித்தேனோ அவர்களிடமெல்லாம் போய்ச் சொல்லிக்கொண்டு வருகிறேன். செல்வியிடம் சொன்னேன். பாஸ்டரிடம் சொன்னேன். அன்றைக்கு அந்த வார்த்தையைக் கேட்ட நாலு பேரில் மூன்று பேரைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டேன். பாதிப் பேருக்கு நினைவே இல்லை. "அதுக்கு இன்னா இப்ப?" என்கிறார்கள். அது இன்னும் பேஜாராக இருக்கிறது.

நேற்று மாதனூருக்குப் போனேன். அந்த அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முட்டி விறைக்கத் தொடங்கிவிட்டது. அவர் வீட்டுச் சிமெண்டுத் தரையில் என் தோளைப் பிடிக்கவைத்து எழுப்பி நிறுத்தினேன். முதலில் திட்டினார், பிறகு அழுதார், பிறகு நாலு அடி வைத்தார். மூச்சு வாங்க உட்கார்ந்ததும் நான் சொன்னேன். தரை மேல் தப்பில்லை, எங்க அண்ணன் நல்லாத்தான் ஒட்டினான், கழுவாதே என்று சொன்னான், நான்தான் கேட்கவில்லை என்றேன்.

அந்த அம்மா முட்டியைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம், "இத அந்தப் புள்ளகிட்ட சொன்னியாம்மா?" என்றார்.

நீ இல்லை என்பதை அப்போதும் எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. "இன்னும் இல்லம்மா" என்றேன்.

"போய் சொல்லு மொதல்ல. எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது?"

வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். மூன்று வாரமாக ஊரெல்லாம் சொன்னேன், உன்னிடம் சொல்லவில்லை. தண்ணீர் ஊற்றியது நான்தான், அண்ணா.

எஸ்தர்